ஆணி இடைவெளியின் கணக்கு

கலிஃபோர்னியாவில் மர வீடு வடிவமைக்கும் பொறியாளரிடம், பக்கவாட்டு விசைக்கு ஒரு சுவர் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால், அவர் பலகையின் தடிமனோடு நிறுத்தமாட்டார். ஓரத்தில் ஆணிக்கும் ஆணிக்கும் எத்தனை அங்குலம் என்று திருப்பிக் கேட்பார். அந்த ஓர் எண்ணை வைத்தே சுவரின் பலம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்குவரை ஏறி இறங்கும். கான்கிரீட்டும் செங்கல்லும் பழகிய நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் வட அமெரிக்காவின் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் காற்றையும் நிலநடுக்கத்தையும் எதிர்கொள்கின்றன: மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் போர்த்திய ஒட்டுப்பலகை, இரண்டையும் சேர்க்கும் ஆயிரக்கணக்கான ஆணிகள்.

சட்டம் மட்டும் தனியே நின்றால் அதற்குப் பக்கவாட்டில் பலமே கிடையாது என்று சொல்லிவிடலாம். 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கட்டைகள் மாடியின் எடையைச் சிரமமில்லாமல் கீழே இறக்கிவிடும். ஆனால் மேல் விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளினால் செவ்வகம் இணைகரமாகச் சரியத் தொடங்கும். மூலைக்கு இரண்டு ஆணி அதைத் தடுக்காது. பழைய தச்சர்கள் இதற்குக் குறுக்குச் சட்டம் வைத்தார்கள், அல்லது பலகைகளைச் சாய்வாக அடித்தார்கள். எது எவ்வளவு உதவுகிறது என்பதை அளந்து பார்த்தவர் ஜார்ஜ் டிரேயர். விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் உள்ள அமெரிக்க அரசின் வன விளைபொருள் ஆய்வகத்தில் முழு அளவுச் சுவர்களைச் செய்து தள்ளிப் பார்த்து, 1929இல் முடிவுகளை வெளியிட்டார். படுக்கைவசமாக அடித்த பலகைகளைவிடச் சாய்வாக அடித்தவை பல மடங்கு விறைப்பாக நின்றன. மரமும் ஆணியும் அதேதான்; கோணம் மட்டும் வேறு.

ஒட்டுப்பலகை அப்போது சந்தையில் இருந்தது. 1905இல் போர்ட்லண்டில் நடந்த கண்காட்சியிலேயே அதைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஈரம் பட்டால் அடுக்கு பிரியும் பொருளை வெளிச்சுவரில் யாரும் நம்பவில்லை. 1934இல் தண்ணீரைத் தாங்கும் பசை வந்த பிறகுதான் அது கட்டடத்தின் எலும்புக்கூட்டில் இடம்பிடித்தது. நான்கடிக்கு எட்டடி அளவுள்ள ஒரே தகடு, தன் தளத்துக்குள் கிட்டத்தட்டச் சிதையவே சிதையாது. அதனால் சிக்கல் முழுவதும் தகட்டின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது.

சுவரைத் தள்ளும்போது சட்டம் இணைகரமாக முயல்கிறது. தகடோ செவ்வகமாகவே இருந்துகொண்டு, மொத்தமாகச் சற்றுத் திரும்புகிறது. இந்த இரண்டு அசைவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஓரத்து ஆணிகள்தான் விழுங்கியாக வேண்டும். மூலையில் உள்ளவை அதிகம் நகர்கின்றன, நடுவில் உள்ளவை ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. நடுவே 12 அங்குலத்துக்கு ஒன்று அடிப்பதெல்லாம் தகடு பிதுங்கி வெளியே வராமல் பிடிப்பதற்கு. விசை கூடக் கூட ஓரத்து ஆணி வளையும், மரத்தில் அதன் துளை நசுங்கி அகலும், கடைசியில் ஆணித்தலை பலகைக்குள் புகுந்துபோகும், அல்லது பலகையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். இந்த அழிவு பொறியாளருக்கு வேண்டிய அழிவு. வளையும் ஒவ்வோர் ஆணியும் நிலநடுக்கத்தின் ஆற்றலில் ஒரு சிறு பங்கைத் தின்கிறது. சுவர் திடீரென்று முறியாமல், முனகிக்கொண்டே தளர்கிறது.

அமெரிக்க விதிநூல்களில் நெடுநாளாக இருந்துவரும் அட்டவணையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 12 மி.மீ. தடிமனுள்ள பலகை, டக்ளஸ் ஃபர் மரச்சட்டம், 2½ அங்குல நீளமும் 3.3 மி.மீ. பருமனும் கொண்ட ஆணி. ஓரத்தில் 6 அங்குலத்துக்கு ஒன்று அடித்தால், நிலநடுக்க விசைக்கு அனுமதிக்கப்படும் வடிவமைப்புப் பலம் சுவரின் ஓரடி நீளத்துக்கு 260 பவுண்டு. இடைவெளி 4 அங்குலம் ஆனால் 380, 3 அங்குலம் ஆனால் 490, 2 அங்குலம் ஆனால் 640. மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 387 கிலோவிலிருந்து 952 கிலோ வரை.

இந்த எண்களை ஆணிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. ஆறங்குல இடைவெளியில் ஓர் ஆணி 59 கிலோ தாங்குகிறது. இரண்டங்குல இடைவெளியில் 48தான். ஆணியை மூன்று மடங்காக்கினால் பலம் இரண்டரை மடங்கைக்கூட எட்டுவதில்லை. நெருக்கமாக அடிக்கும்போது மரம் பிளக்கத் தொடங்குவது இதற்கு ஒரு காரணம். அதனால்தான் இரண்டங்குல இடைவெளி வேண்டுமென்றால், இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் வழக்கமான கட்டைக்குப் பதில் தடித்த கட்டையை விதி கேட்கிறது. காற்றுக்கு வடிவமைக்கும்போது இதே சுவருக்கு 40 சதவீதம் கூடுதலாக அனுமதிக்கிறார்கள்.

சுவருக்கு அந்த விசை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கூரையிலிருந்தும் மாடித் தளத்திலிருந்தும். பலகை போர்த்திய கூரையைப் பொறியாளர்கள் டயாஃப்ரம் என்கிறார்கள். படுக்கவைத்த ஒரு பெரிய உத்திரமாக அதைக் கற்பனை செய்ய வேண்டும். காற்றோ நிலநடுக்கமோ அதை நீளம் நெடுகக் குறுக்காகத் தள்ளுகிறது. இரண்டு முனைகளிலும் உள்ள சுவர்கள் அதன் தாங்கிகள்.

ஒரு கிடங்கை எடுத்துக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். கூரை 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம்; பக்கவாட்டு விசை மீட்டருக்கு 450 கிலோ. மொத்தம் 13,500 கிலோ, முனைச் சுவருக்குப் பாதி: 6,750. அதை 15 மீட்டர் அகலத்துக்குப் பகிர்ந்தால், கூரையின் ஓரத்தில் மீட்டருக்கு 450 கிலோ வெட்டுவிசை. கூரையின் நடுவில் இந்த வெட்டுவிசை பூஜ்யம். ஆகவே முனைகளின் பக்கம் ஆணியை நெருக்கியும் நடுப்பகுதியில் விலக்கியும் அடிக்கலாம். ஆனால் நடுவில் வேறொரு விசை காத்திருக்கிறது. உத்திரம் வளையும்போது ஒரு விளிம்பு இழுபடும், மறுவிளிம்பு அழுத்தப்படும். இங்கே அந்த விளிம்பு விசை சுமார் 3,375 கிலோ. பலகைகள் துண்டுதுண்டானவை, இழுவையைத் தாங்கா. சுவரின் உச்சியில் ஓடும் மேற்சட்டம்தான் அதை ஏற்க வேண்டும். அந்தச் சட்டமும் ஒரே துண்டாக 30 மீட்டர் இருக்கப்போவதில்லை. இணைப்பு இருக்கும் இடத்தில் எத்தனை ஆணி என்ற கேள்வி மறுபடியும் வந்துவிடுகிறது.

முனைச் சுவரில் 6 மீட்டர் அகலத்துக்கு லாரி நுழையும் வாசல் வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். மீதி 9 மீட்டர். இப்போது சுவரில் மீட்டருக்கு 750 கிலோ. மேலே சொன்ன அட்டவணையில் 3 அங்குல இடைவெளியே போதாது (அது 729தான் தரும்). 2 அங்குலத்துக்குப் போக வேண்டும். வாசலுக்கு மேலே கூரை இறக்கும் 2,700 கிலோவைப் பக்கத்துச் சுவருக்கு இழுத்துச் செல்ல ஒரு சட்டம் தேவை. வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே உள்ள இந்தச் சட்டத்தை, நடைமுறையில் மறந்துபோவது எளிது. இனிச் சுவரின் அடி. மூன்று மீட்டர் உயரச் சுவரை மீட்டருக்கு 750 கிலோ தள்ளினால், சொந்த எடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதன் ஒரு முனை 2,250 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். சுவர் ஒன்றரை மீட்டரோ ஐந்து மீட்டரோ, இந்த எண் மாறுவதில்லை. அந்த முனையை அஸ்திவாரத்தோடு பிடித்துவைக்கும் இரும்புப் பிடி இல்லையென்றால், ஓரத்தில் எத்தனை நெருக்கமாக ஆணி அடித்திருந்தாலும் சுவர் முழுப் பலத்தையும் காட்டுவதற்குள் கவிழ்ந்துவிடும்.

கூரையிலிருந்து அஸ்திவாரம்வரை நீளும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 1971 பிப்ரவரியில் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் காட்டியது. கான்கிரீட் சுவரைத் தரையில் படுக்கைவசமாக வார்த்து, காய்ந்ததும் கிரேனால் நிமிர்த்தி நிறுத்தும் கிடங்குகள் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஏராளம். அவற்றின் கூரை ஒட்டுப்பலகைதான். கான்கிரீட் சுவரில் போல்ட் வைத்து ஒரு மரச்சட்டத்தைப் பிணைப்பார்கள், கூரைப் பலகையின் விளிம்பை அந்தச் சட்டத்தின்மேல் ஆணியடிப்பார்கள். கூரையிலிருந்து சுவருக்கு நீளவாக்கில் விசை போவதற்கு இது போதும். ஆனால் கனமான கான்கிரீட் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தபோது, மேலே ஆணியாலும் கீழே போல்ட்டாலும் பிடிக்கப்பட்ட அந்தச் சட்டம் இழைக்குக் குறுக்கே வளைந்தது. மரம் இழைவாக்கில் எவ்வளவு வலிமையோ, குறுக்கே அவ்வளவு பலவீனம். சட்டம் நெடுகப் பிளந்தது. சுவர் விலக, கூரை உள்ளே விழுந்தது. 1973ஆம் ஆண்டு விதிநூல், மரத்தை இழைக்குக் குறுக்கே வளைத்து விசை கடத்துவதைத் தடைசெய்தது. சுவரை நேரடியாக இரும்பால் பிடித்து, அந்தப் பிடி கூரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறாமல் தொடர வேண்டும் என்றது. கூரைப் பலகை அங்கே தன் கணக்குப்படி வேலைசெய்யக்கூடியதுதான். கணக்கில் வராத திசையில் வந்த விசை அதை வீழ்த்திவிட்டது.

அதே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 1994 ஜனவரி 17 அதிகாலை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபோது (அளவு 6.7), பாடம் குடியிருப்புகளின் பக்கம் திரும்பியது. நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று மாடி மரக்கட்டடத்தின் தரைத்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். கட்டடச் சேதத்தால் நேர்ந்த 25 மரணங்களில் 24 மரச்சட்டக் கட்டடங்களில் நிகழ்ந்தவை. நிலநடுக்கத்துக்கு மர வீடுதான் பாதுகாப்பு என்று பெருமை பேசிவந்த ஊருக்கு அது பேரிடி. அந்தக் காலத்து அடுக்குக் குடியிருப்புகள் பலவற்றில் தரைத்தளம் கார் நிறுத்துமிடம். தெருவை நோக்கிய பக்கத்தில் சுவரே இல்லை, மெல்லிய தூண்கள் மட்டும். மீதமிருந்த சுவர்களிலும் ஒட்டுப்பலகைக்குப் பதிலாக ஜிப்சம் பலகையையும், கம்பிவலைமேல் பூசிய ஸ்டக்கோ சிமெண்டையும் வெட்டுவிசைக்குக் கணக்கில் காட்டியிருந்தார்கள். விதிநூல் அதை அனுமதித்தது.

இந்தப் பூச்சுகளின் குணம் தந்திரமானது. சுவர் சிறிதளவே அசையும்போது அவைதான் மிக விறைப்பானவை. ஆகவே விசையை முதலில் ஏற்பவையும் அவையே. கொஞ்சம் கூடுதலாக அசைந்ததும் விரிந்து உதிர்ந்துவிடும். ஒட்டுப்பலகை முழு வேகத்தில் வேலைசெய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். எனவே ஒரே சுவரின் ஒருபுறத்துப் பூச்சுப் பலத்தையும் மறுபுறத்துப் பலகையின் பலத்தையும் கூட்டிப் போடுவது தவறான கூட்டல். இரண்டும் உச்சத்தைத் தொடும் நேரம் வேறுவேறு. நார்த்ரிட்ஜுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஜிப்சத்துக்கும் பூச்சுக்கும் தந்திருந்த மதிப்புகளைக் கடுமையாக வெட்டியது. ஒட்டுப்பலகைச் சுவர்களுக்குக்கூட 25 சதவீதம் குறைத்தது. அதுவரை உயரத்தில் மூன்றரையில் ஒரு பங்கு அகலம் இருந்தாலே சுவராக ஏற்றுக்கொண்ட விதிநூல், 1997 பதிப்பில் அதிக நிலநடுக்க அபாயம் உள்ள பகுதிகளுக்குக் குறைந்தது பாதி அகலம் வேண்டும் என்றது. கராஜ் கதவின் இருபுறமும் ஒடிசலாக நிற்கும் சுவர்த்துண்டுகளைக் குறிவைத்த திருத்தம் அது.

ஒட்டுப்பலகைக்கே ஏன் வெட்டு? அட்டவணையின் எண்கள் பெரும்பாலும் சுவரை ஒரே திசையில் மெதுவாகத் தள்ளிப் பெற்றவை. நிலம் அப்படித் தள்ளுவதில்லை, முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அதனால் ஆய்வாளர்கள் சுவர்களை இருபுறமும் மாற்றி மாற்றித் தள்ளும் சோதனைக்கு மாறினார்கள். இங்கே ஒரு சுவையான திருப்பம் உண்டு. முதலில் கையாண்ட சோதனை முறையில் தள்ளல்கள் மிக அதிகம். முன்னும் பின்னும் வளைந்தே ஆணிகள் களைத்து ஒடிந்தன. நிஜ நிலநடுக்கத்தில் சேதமான வீடுகளிலோ ஒடிந்த ஆணிகள் அபூர்வம். பிடுங்கப்பட்டவையும் பலகைக்குள் புகுந்தவையும்தான் மிகுதி. சோதனை, இயற்கையைவிடக் கொடூரமாக இருந்திருக்கிறது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கல்டெக்கை மையமாகக் கொண்டு, பல்கலைக்கழகங்களின் நிலநடுக்க ஆய்வுக் கூட்டமைப்பான க்யூரீ நடத்திய மரச்சட்டத் திட்டம், கலிஃபோர்னியாவின் நிலநடுக்கப் பதிவுகளை ஒத்த புதிய தள்ளல் வரிசையை உருவாக்கியது. இன்றுவரை சோதனைக்கூடங்களில் அதன் செல்வாக்கு நீடிக்கிறது. அதே திட்டத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக அதிர்வு மேசைமேல் இரண்டு மாடி வீட்டைக் கட்டி ஆட்டிப் பார்த்தார்கள். வெளிப்பூச்சும் உள்ளே ஜிப்சம் பலகையும் சேர்த்தபோது வீட்டின் அசைவு வெகுவாகக் குறைந்தது. கணக்கில் நம்பக்கூடாத பூச்சு, நிஜத்தில் உதவத்தான் செய்கிறது.

அட்டவணையின் எண் ஒழுங்காக அடிக்கப்பட்ட ஆணிக்கு உரியது. வேலையிடத்தில் நடப்பது வேறு. காற்றழுத்தத் துப்பாக்கி வந்தபிறகு ஆணியடிப்பது விசையை அமுக்கும் வேலையாகிவிட்டது. அழுத்தம் கொஞ்சம் அதிகமானால் ஆணித்தலை பலகையின் மேலடுக்கை உடைத்து உள்ளே இறங்கிவிடும், 12 மி.மீ. பலகை, ஆணியைப் பொறுத்தவரை 9 மி.மீ. ஆகிவிடும். துப்பாக்கியில் போடும் ஆணிகள் பல, பெயரளவில் அதே நீளம், பருமனில் மெலிந்தவை. நார்த்ரிட்ஜ் சேதங்களை ஆராய்ந்தவர்கள் இரண்டையும் கண்டார்கள். ஃப்ளோரிடாவில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் 25,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தபோது, பறந்துபோன கூரைப் பலகைகளில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. ஆணிக்குப் பதில் ஸ்டேபிள் கம்பிகள், கைமரத்தைத் தொடாமல் காற்றில் இறங்கிய ஆணி வரிசைகள். பலகை பறந்ததும் மழை உள்ளே வந்தது மட்டுமல்ல, முகட்டுச் சுவருக்கு உச்சியில் இருந்த பிடிமானமும் போய் அது விழுந்தது. கூரை ஒரு மூடி என்று நினைத்து அடிக்கும் தொழிலாளியை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. அது படுக்கவைத்த உத்திரம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17இல் கோபே நகரம் குலுங்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பழைய மர வீடுகளுக்கு அடியில். மண் பரப்பி ஓடு வேய்ந்த கனமான கூரை, கீழே குறைவான சுவர்கள், அழுகிய அடிக்கட்டைகள். ஜப்பான் 1950 முதலே சுவர்களுக்கு மதிப்பெண் போடும் முறையை வைத்திருக்கிறது: 1.0 மதிப்பெண் என்றால் மீட்டருக்கு 200 கிலோ. 7.5 மி.மீ. ஒட்டுப்பலகையை 15 செ.மீ. இடைவெளியில் ஆணியடித்தால் 2.5 மதிப்பெண். வீட்டின் பரப்புக்கு ஏற்ப மொத்த மதிப்பெண் தேறினால் போதும் என்றிருந்த நிலையை, 2000ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. சுவர்கள் வீட்டின் ஒரே பக்கத்தில் குவியக்கூடாது, கட்டைகளின் முனைகளை உரிய இரும்பால் பிடிக்க வேண்டும் என்றது.

சுவர் ஒரு பக்கம் குவிவது ஏன் ஆபத்து என்பது கூரையின் விறைப்பைப் பொறுத்தது. ஒட்டுப்பலகைக் கூரை நெகிழ்வானது. ஒவ்வொரு சுவரும் தன் பக்கத்துக் கூரையின் பங்கை மட்டும் வாங்கிக்கொள்கிறது. கான்கிரீட் தளம் அப்படியல்ல. அது ஒரே தட்டாக அசைந்து, எந்தச் சுவர் விறைப்போ அதன் தலையில் அதிக விசையைக் கட்டுகிறது. விறைப்பு ஒருபக்கமே இருந்தால் கட்டடம் முழுவதும் திருகிக்கொள்ளும். சென்னையின் அடுக்குமாடிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். மேலே அறைகளைப் பிரிக்கும் செங்கல் சுவர்கள், கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள். 2001 ஜனவரி 26இல் குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்தவை பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கடுத்த ஆண்டு வந்த இந்திய நிலநடுக்க விதிநூலின் திருத்தத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு உயர்த்தப்பட்டது.

பலமற்ற தரைத்தளத்தைச் சரிசெய்வதில் கலிஃபோர்னியா மெதுவாகவே நகர்ந்தது. 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் கராஜுக்கு மேல் நின்ற மூலைக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றைப் பலப்படுத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்த நகரில் வந்தது 2013இல். லாஸ் ஏஞ்சலிஸில் 2015இல் வந்தது, சுமார் 13,500 கட்டடங்களைக் குறிவைத்து. பொதுவாகச் செய்வது இதுதான்: தரைத்தளத்தில் இருக்கும் சுவர்களில் ஒட்டுப்பலகை போர்த்தி நெருக்கமாக ஆணியடிப்பது, கார் நுழையும் திறப்பில் எஃகுச் சட்டம் நிறுத்துவது.

எவ்வளவு பலப்படுத்துவது என்பதில்தான் சிக்கல். தரைத்தளத்தைத் தேவைக்கு மேல் உறுதியாக்கினால், முன்பு கீழே தீர்ந்துபோன அசைவு இனி முழுதாக மேலே ஏறும். பழுது ஒரு மாடி உயர்ந்து இரண்டாம் தளத்தில் நிகழும். 2012இல் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமா வெளியிட்ட பி-807 வழிகாட்டி, இதனால் குறைந்தபட்சப் பலத்தோடு ஓர் உச்சவரம்பையும் விதிக்கிறது. மறு ஆண்டு சான் டியகோவில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை வெவ்வேறு முறைகளில் பலப்படுத்தி ஆட்டிப் பார்த்தார்கள், அது நின்றது. கடைசியில் பலப்படுத்தியதையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி ஆட்டி, வேண்டுமென்றே விழவிட்டார்கள். உச்சவரம்பைக் கணக்கிட மேல்மாடிகளின் பலம் தெரிந்தாக வேண்டும். அங்கே ஒட்டுப்பலகை கிடையாது. பழைய சுண்ணப் பூச்சும் ஜிப்சமும் ஸ்டக்கோவும்தான் உண்டு. புதுக் கட்டடங்களில் மதிப்பு வெட்டப்பட்ட அதே பொருள்களுக்கு, இப்போது பொறியாளர்கள் அசைவுக்கு அசைவு பலம் குறித்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்.